விண்ணறிஞர் வைணு பாப்பு

கோடைமலை

பழந்தமிழ்ப் புலவர் போற்றிய மலைகளுள் பழனிமலைத் தொடரும் ஒன்றாகும். பொதினி எனப் பண்டு வழங்கிய இம்மலைப் பகுதியை ஆண்டவன், குளிரால் நடுங்குகின்றதென்று கருதி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்த வேள் பேகன். இத்தொடரைச் சார்ந்த கோடைமலைக்குத் தலைவனாய்க் கடியநெடுவேட்டுவன் என்பான் விளங்கினான் என்பதைப் புறநானூற்றால் அறிகிறோம். அக்கோடைமலையே இன்று கொடைக்கானல் என்னும் பெயரால் உலகோர் அறியும் இடமாகத் திகழ்கின்றது.

வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் சாலையும், பழனியிலிருந்து ஏறிவரும் சாலையும் பெருமாள்மலை என்னும் ஊரில் ஒன்றுகூடிக் கொடைக்கானலை நோக்கிச் செல்கின்றன. நல்ல வெயில் காயும்போதே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து வந்து, சிறிது நேரத்தில் மலைமுடியையும் மரங்களையும் மறைத்துவிடுவதைப் பெருமாள்மலையில் நின்று காணலாம். மார்கழி, தைத் திங்கள்களில் விடியற்காலையில் கொடைக்கானற் புல்வெளிகளின்மேல் வெண்ணிற உறைபனி படிந்திருப்பதும் உண்டு. கதிரவன் எழுந்து வெம்மை ஏறியதும் அப்பனி மறைந்துவிடும். அதனோடு படிந்திருந்த புழுதி மட்டும் புல்லின்மேல் எஞ்சி நிற்கும்.

பனியையும் புழுதியையும் நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயின், வானிற் சுழலும் பல உடல்களின் பழைய வரலாறு பனியிலும் தூசியிலுமே பொதிந்துள்ளது என்பது அறிவியலார் கண்ட உண்மை. அவ்வுண்மையைத் தேடியவர்களுள் ஒருவர், கொடைக்கானல் மலைமீதிருந்து விண்ணை ஆராய்ந்த வைணு பாப்பு ஆவார். அவர்தம் வாழ்க்கை, விடாமுயற்சிக்கும் நாட்டுப்பற்றுக்கும் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

மலைமேல் வானாய்வகம்

கொடைக்கானல் வானாய்வகம் தோன்றிய வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு ஒரு வானாய்வகம் கட்டப்பெற்றது. பிற்காலத்தில், 1876 முதல் 1878 வரை, தாது ஆண்டுப் பஞ்சம் என்று மக்கள் கூறும் கொடும்பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. மழை பொய்த்ததற்குக் காரணம் யாது என அறிஞர் ஆராயலாயினர். கதிரவனிடத்து நிகழும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்னும் எண்ணம் எழுந்தது. ஆகவே கதிரவனை நாள்தோறும் தெளிவாக நோக்குவதற்கு உயர்ந்த மலையிடம் ஒன்றைத் தேடினர். கடல் மட்டத்திற்கு மேல் 2343 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானற் குன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. 1899ஆம் ஆண்டு அங்கே வானாய்வகம் அமைந்தது.

இவ்வாய்வகம் விரைவிலேயே உலகப் புகழ் எய்தியது. ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கில அறிஞர், கதிரவனின் கரும்புள்ளிகளில் வளி வெளிநோக்கிப் பாய்வதை 1909ஆம் ஆண்டு இங்கிருந்தே கண்டறிந்தார். இன்றும் அந்நிகழ்ச்சி அவர் பெயராலேயே வழங்குகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கதிரவனைப் படமெடுத்துத் தொகுத்து வைத்த பெருஞ்செல்வம் இவ்வாய்வகத்திற்கு உரியது. ஆண்டுகள் பல கழிந்தபின், இத்தகைய பெருமை வாய்ந்த ஆய்வகத்தின் பொறுப்பு வைணு பாப்புவின் கைக்கு வந்தது.

பிறப்பும் இளமையும்

வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். அவர்தம் முன்னோர் தலைச்சேரியைச் சார்ந்தவர். தந்தையார் ஐதராபாத்திலிருந்த நிஜாமியா வானாய்வகத்திற் பணியாற்றி வந்தார். பெற்றோருக்கு வைணு பாப்பு ஒரே மகனார்.

தந்தையாரின் தொழில் மைந்தரின் உள்ளத்தைக் கவர்ந்தது. பிற சிறுவர் விளையாட்டுப் பொருள்களோடு பழகும் பருவத்தில், இவர் தொலைநோக்கியோடும் விண்மீன்களின் வரைபடத்தோடும் பழகினார். இரவில் வானத்தை நோக்குவதற்குப் பொறுமை வேண்டும். குளிரையும் உறக்கத்தையும் பொறுத்துக்கொள்ளும் உரம் வேண்டும். கண்டதைக் கண்டவாறே எழுதிவைக்கும் நேர்மையும் வேண்டும். இம்மூன்றையும் பாப்பு இளமையிலேயே பயின்றார். ஐதராபாத்திற் கல்வி கற்றபின், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் வானியலை முறையாகக் கற்று ஆராய்வதற்கு நம் நாட்டில் வாய்ப்புகள் மிகக் குறைவு. ஆதலின், ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று, அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

வால்வெள்ளியைக் கண்டார்

ஹார்வர்டை அடைந்த சில திங்களிலேயே அவர் பெயரை உலகம் அறியும் நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. 1949ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் தொடக்கத்தில், வானத்தின் ஒரு பகுதியைத் தொலைநோக்கி வாயிலாகப் படமெடுத்தார். அந்த ஒளிப்படத் தகட்டை உற்று நோக்கியபோது, விண்மீன்களுக்கிடையே வழக்கத்திற்கு மாறான ஒளித்தடம் ஒன்று அவர் கண்ணிற் பட்டது. வேறொருவராயின் தகட்டில் நேர்ந்த பழுது என்று ஒதுக்கியிருக்கக்கூடும். பாப்பு அவ்வாறு ஒதுக்கவில்லை. பேராசிரியர் பார்ட் போக் என்பவரும், உடன் பயின்ற நியூகிர்க் என்பவரும் துணைநின்றனர். அத்தடம் அதுகாறும் எவரும் காணாத ஒரு வால்வெள்ளியின் தடமே என்பது உறுதியாயிற்று. மூவர் பெயரும் இணைந்து அது பாப்பு-போக்-நியூகிர்க் வால்வெள்ளி எனப் பெயர் பெற்றது. பசிபிக் வானியற் கழகம் இக்கண்டுபிடிப்பைப் பாராட்டிப் பாப்புவுக்குப் பதக்கம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுகூட நிரம்பவில்லை.

வால்வெள்ளியைப் பண்டையோர் தூமம் என்றும் தூமகேது என்றும் கூறினர். அது தோன்றின் நாட்டிற்குக் கேடு விளையும் என அஞ்சினர். அச்சத்தைப் போக்கியது ஆராய்ச்சி. பாப்பு தம் வால்வெள்ளியைக் கண்ட மறு ஆண்டில், அதே ஹார்வர்டைச் சார்ந்த பிரெட் விப்பிள் என்னும் அறிஞர் வால்வெள்ளியின் இயல்பை விளக்கினார். வால்வெள்ளியின் நடுவிலுள்ள கரு, பனிக்கட்டியும் தூசியும் கலந்து இறுகிய உருண்டையே என்பது அவர் கொள்கை. கதிரவனை அணுகும்போது அதன் வெம்மையாற் பனி ஆவியாகின்றது. பனியிற் சிக்கியிருந்த தூசி விடுபட்டுப் பறக்கின்றது. அவ்வாவியும் தூசியுமே நாம் காணும் நெடுவாலாகும். புல்லின்மேற் படிந்த பனி வெயிலில் மறையப் புழுதி எஞ்சுவதைப் போன்றதே இதுவும். பின்னாளில், 1986ஆம் ஆண்டு ஹாலி வால்வெள்ளியின் அருகிற் சென்ற விண்கலங்கள் இக்கொள்கை பெரும்பாலும் மெய்யெனக் காட்டின. கோள்கள் தோன்றிய காலத்துப் பொருள்கள் வால்வெள்ளிகளில் மிகுதியும் மாறாமல் உறைந்துள்ளமையால், அவற்றை ஆராய்வது நம் உலகம் தோன்றிய வரலாற்றை ஆராய்வதாகும்.

விண்மீனின் ஒளியை அளந்தார்

ஹார்வர்டில் 1952ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றபின், பாப்பு கார்னகி ஆய்வுதவி பெற்றுக் கலிபோர்னியாவிலுள்ள பாலோமர் மலையாய்வகத்திற்குச் சென்றார். அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய தொலைநோக்கி அங்கே இருந்தது. ஆங்கு ஒலின் வில்சன் என்னும் அறிஞருடன் சேர்ந்து அவர் ஆற்றிய பணி வானியலில் நிலைத்த இடம் பெற்றது.

விண்மீனின் ஒளியைப் பட்டகம் முதலிய கருவியின் வழியே செலுத்தினால், அது வானவில்லைப் போலப் பல நிறங்களாய் விரியும். அவ்வாறு விரிந்த நிறமாலையில் ஒவ்வொரு தனிமத்திற்கும் உரிய கோடுகள் தோன்றும். கால்சியம் என்னும் சுண்ணகத் தனிமத்திற்குரிய கோடு ஒன்றின் நடுவே ஒளிமிக்க பகுதி காணப்படுகின்றது. அப்பகுதியின் அகலத்திற்கும், விண்மீனின் உண்மையான ஒளிவலிமைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை வில்சனும் பாப்புவும் கண்டனர். ஒரு விளக்கின் உண்மையான வலிமை தெரிந்தால், அது நமக்கு எவ்வளவு மங்கித் தோன்றுகிறது என்பதைக் கொண்டு அதன் தொலைவைக் கணக்கிடலாமன்றோ? அவ்வாறே விண்மீன்களின் தொலைவை அறிவதற்கு இக்கண்டுபிடிப்பு துணை செய்தது. 1957ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வுண்மை இன்றும் வில்சன்-பாப்பு விளைவு என்றே வழங்குகின்றது.

தாய்நாட்டிற்குத் திரும்பினார்

அமெரிக்காவில் தங்கியிருப்பின், உலகின் சிறந்த கருவிகளோடு வாழ்நாள் முழுவதும் ஆராய்ச்சி செய்திருக்கலாம். புகழும் வசதியும் தாமே வந்து சேர்ந்திருக்கும். நம் நாட்டிலோ அக்காலத்தில் விண்மீன்களை ஆராய்வதற்கேற்ற பெருந்தொலைநோக்கி ஒன்றும் இல்லை. ஆயினும் பாப்பு தாய்நாட்டிற்கே திரும்பினார். கருவி இருக்கும் இடத்தைத் தேடிச் செல்வது எளிது. இல்லாத இடத்தில் அதனை உண்டாக்குவது அரிது. அவர் அரியதையே தேர்ந்தெடுத்தார்.

உத்தரப் பிரதேச அரசு 1954ஆம் ஆண்டு வாரணாசியில் வானாய்வகம் ஒன்றைத் தொடங்கியபோது அதனை உருவாக்கும் பொறுப்பைப் பாப்பு ஏற்றார். இமயமலைச் சாரலிலுள்ள நைனிதாலில் அவ்வாய்வகம் நிலைபெறுவதற்கு அவர் அடிகோலினார். அதன்பின் 1960ஆம் ஆண்டு கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டே. தம்மினும் மூத்த ஆய்வகத்தை, தம்மினும் மூத்தோர் பலர் பணியாற்றும் இடத்தை, அவர் பணிவோடும் உறுதியோடும் நடத்தினார். கதிரவனின் ஆராய்ச்சி முன்போலவே தொடர்ந்தது. விண்மீன்களிடத்துத் தாம் கண்ட கால்சியக் கோட்டின் இயல்பு கதிரவனிடத்து எவ்வாறு அமைந்துள்ளது என்பதையும் அவர் தம் துணைவருடன் இங்கே ஆராய்ந்தார்.

இரவு வானத்தைத் தேடினார்

கொடைக்கானலில் ஒரு குறை இருந்தது. கதிரவனை நோக்குவதற்குக் காலை நேரத்துத் தெளிந்த வானம் போதும். சில நாழிகையிற் பணி முடிந்துவிடும். விண்மீன்களையும் கோள்களையும் ஆராய்வதற்கோ நீண்ட இரவுகள் மேகமின்றி இருத்தல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் ஆகிய இரண்டும் மழை பொழியும் மலை கொடைக்கானல். பெருமாள்மலைப் பள்ளத்தாக்கில் எழும் மேகமும் மூடுபனியும் மலையுச்சிவரை பரவும். ஆண்டிற் பல இரவுகள் இவ்வாறு பயனின்றிக் கழிந்தன.

இந்நிலையில் பாப்பு செய்யக்கூடியவை இரண்டே. கதிரவன் ஆராய்ச்சியோடு மனநிறைவு கொண்டு, புகழ்மிக்க ஆய்வகத்தின் தலைமையில் அமைதியாக இருந்துவிடலாம். அல்லது, இரவு வானத்திற்கு ஏற்ற வேறோர் இடத்தைப் புதிதாகத் தேடலாம். முன்னதில் உழைப்பு குறைவு. பின்னதில் வெற்றி உறுதியில்லை. பாப்பு பின்னதையே மேற்கொண்டார். தென்னாட்டில் மேகம் குறைந்த, நகர விளக்குகளின் ஒளி எட்டாத இடங்களைத் தேடினார். முடிவில், சவ்வாது மலையிலுள்ள காவலூர் என்னும் சிற்றூரைத் தேர்ந்தார். இவ்வூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் காடு சூழ அமைந்தது. கொடைக்கானலைக் காட்டிலும் மிகத் தாழ்ந்தது. உயரம் மிக்க இடமே வானாய்விற்கு எஞ்ஞான்றும் சிறந்தது என்று எண்ணுதல் கூடாது. தெளிந்த இரவுகள் மிக்க இடமே சிறந்தது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால், வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து காணலாம் என்பது மற்றொரு நலம்.

காவலூரில் நிறுவப்பட்ட முதல் தொலைநோக்கி 38 செ.மீ. விட்டமுள்ள ஆடியைக் கொண்டது. அது அயல்நாட்டிலிருந்து வந்ததன்று. கொடைக்கானல் வானாய்வகத்திலேயே உருவாக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு அதனைக் கொண்டு காவலூரில் ஆராய்ச்சி தொடங்கிற்று. சிறிய கருவியே எனினும், நம்மவர் கையால் அமைந்தது என்னும் பெருமை அதற்கு உண்டு. அதன்பின் 1972ஆம் ஆண்டு, ஜெர்மனி நாட்டிற் செய்யப்பெற்ற ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியும் காவலூருக்கு வந்து சேர்ந்தது.

பனிக்கோளும் வளையமும்

புதிய தொலைநோக்கியின் பயன் உடனே வெளிப்பட்டது. வியாழன் என்னும் பெருங்கோளைச் சுற்றிவரும் துணைக்கோள்களுள் மிகப் பெரியது கானிமீடு. அதன் மேற்பரப்பில் நீர்ப்பனி மிகுதியாக உள்ளது. 1972ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் அத்துணைக்கோள் ஒரு மங்கலான விண்மீனைக் கடந்து சென்று மறைத்தது. அவ்வரிய காட்சியை ஜாவாத் தீவிலிருந்தும் காவலூரிலிருந்தும் அறிஞர் நோக்கினர்.

இதனால் அறியக்கூடியது யாது என்பதைப் பெருமாள்மலைச் சாலையில் இரவிற் செல்லும் ஒருவர் எளிதில் உணரலாம். தொலைவிலுள்ள விளக்கைப் பாறை மறைத்தால், அவ்வொளி சட்டென அணைந்தாற்போல மறையும். மூடுபனி பரவி மறைத்தால், ஒளி சிறிது சிறிதாக மங்கிப் பின் மறையும். அவ்வாறே, வளிமண்டலம் இல்லாத உடல் விண்மீனை மறைக்கும்போது ஒளி திடுமென மறையும். வளிமண்டலம் உடையதாயின் ஒளி படிப்படியாகக் குன்றும். அன்று பதிவான அளவுகளைக் கொண்டு கானிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்று அறிஞர் கருதினர். பின்னர்ச் சென்ற விண்கலம், அவ்வளி அன்று மதிப்பிட்டதைக் காட்டிலும் மிக மிக மெல்லியது எனக் காட்டியது. ஒருவர் கண்டதை மற்றொருவர் சரிபார்த்துத் திருத்துவதே அறிவியலின் நெறி. அந்நெறியில் முதற்படி இட்டவர்களுள் காவலூர் அறிஞரும் இருந்தனர் என்பது நமக்குப் பெருமையாகும்.

1977ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் யுரேனசு என்னும் கோள் ஒரு விண்மீனை மறைத்தது. கோள் மறைப்பதற்கு முன்னரே விண்மீனின் ஒளி குன்றி மீள்வதைக் காவலூரில் இருந்தோர் பதிவுசெய்தனர். அதே வேளையில் விமானத்தில் ஏற்றிய தொலைநோக்கியைக் கொண்டு அமெரிக்க அறிஞரும் அதனை நோக்கினர். இருபுறமும் ஒரே அளவான தொலைவுகளில் ஒளி பலமுறை குன்றியதை அவர்கள் கண்டமையால், சனியைப் போலவே யுரேனசுக்கும் வளையங்கள் உண்டு என்பது தெளிவாயிற்று. உலகையே வியப்பில் ஆழ்த்திய இக்கண்டுபிடிப்பில் சவ்வாது மலைச் சிற்றூருக்கும் பங்கு உண்டு.

முனைகளிற் படியும் பனி

பாப்புவின் காலத்தில் தொடங்கிய இவ்வாராய்ச்சிகள் பின்னர் மேலும் விரிந்தன. 1979ஆம் ஆண்டு வியாழனை அணுகிய வாயேஜர் விண்கலங்கள் எடுத்த படங்களில், கானிமீடின் இரு முனைகளிலும் வெண்பனிப் போர்வை காணப்பட்டது. செவ்வாய்க் கோளின் முனைகளிலும் அத்தகைய வெண்போர்வை உண்டு என்பதைத் தொலைநோக்கி வாயிலாக அறிஞர் நெடுநாளாகவே அறிந்திருந்தனர். அப்போர்வை எவ்வாறு அமைகின்றது என்பதை அறிவது பயனுடையது.

செவ்வாயின் முனைகளிற் கதிரவன் ஒளி சாய்வாகவே விழும். குளிர்காலத்திற் பல திங்கள் ஒளியே விழாது. அப்போது கடுங்குளிர் மிகும். செவ்வாயின் வளியிற் பெரும்பகுதி கரியமில வாயு. குளிர்காலத்தில் அவ்வாயுவே உறைந்து முனையின்மேல் வெண்பனியாய்ப் படியும். கோடையில் மீண்டும் வாயுவாகி எழுந்துவிடும். அதன் அடியில் நீர்ப்பனி நிலையாக உள்ளது. செவ்வாயில் அடிக்கடி எழும் புழுதிப் புயல் நுண்ணிய தூசியை வானில் உயர்த்துகின்றது. அத்தூசியின் துகள்களைப் பற்றிக்கொண்டு பனி உறையும். பனியோடு தூசியும் கீழிறங்கிப் படியும். பனி ஆவியாகும்போது தூசி எஞ்சும். அதன்மேல் மீண்டும் பனி படியும். இவ்வாறு அடுக்கின்மேல் அடுக்காக வளர்ந்த படிவு, வடமுனையில் ஏறத்தாழ 1000 கி.மீ. அகலமும் 2 கி.மீ.க்கு மேற்பட்ட தடிப்பும் உடையதாய் விளங்குகின்றது.

செவ்வாயின் அச்சுச் சாய்வும் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளில் அது மெல்ல மாறுகின்றது. சாய்வு மிகும் காலத்தில் முனைகளின்மேல் வெயில் மிகும். அங்குள்ள பனி ஆவியாகி வேறிடங்களிற் சென்று படியும். சாய்வு குறையும் காலத்தில் மீண்டும் முனைகளிற் பனி சேரும். ஒரு காலத்தில் தூசி மிக்க அடுக்கும், மற்றொரு காலத்தில் தூய பனி மிக்க அடுக்கும் இவ்வாறு மாறிமாறி அமைகின்றன. அவ்வடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கட்டிவைத்த ஓலைச்சுவடியை ஒப்பன. ஓர் ஏடு ஒரு காலத்தின் வரலாற்றைக் கூறும். ஏடுகளை முறையாகப் படிக்கத் தெரிந்தவர்க்கு அக்கோளின் பழைய தட்பவெப்ப நிலை முழுதும் புலனாகும்.

நம் நாடு அனுப்பிய மங்கள்யான் விண்கலம் 2014ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் செவ்வாயை அடைந்து, பல ஆண்டுகள் அதனைச் சுற்றிவந்தது. தொலைநோக்கி இல்லாத நாட்டிற்குத் திரும்பிவந்த இளைஞர் ஒருவர், மாணவர் பலரைப் பயிற்றுவித்துக் கருவிகளையும் ஆய்வகங்களையும் உண்டாக்கிய காலத்தை எண்ணிப் பார்த்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் நம் நாடு கடந்துவந்த தொலைவு விளங்கும்.

பெருங்கனவும் மறைவும்

1971ஆம் ஆண்டு கொடைக்கானல் வானாய்வகம், இந்திய வானியற்பியல் நிறுவனம் என்னும் தன்னுரிமை நிறுவனமாக மலர்ந்தது. அதன் முதல் இயக்குநர் பாப்புவே. நிறுவனத்தின் தலைமையிடம் பெங்களூரில் அமைந்தது; கொடைக்கானலும் காவலூரும் அதன் இரு கண்களாயின. 1970ஆம் ஆண்டிற்குரிய பட்நாகர் பரிசும், 1981ஆம் ஆண்டு பத்ம பூஷண் விருதும் அவரை அடைந்தன. 1979ஆம் ஆண்டு உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியர் ஒருவர் அப்பதவியைப் பெற்றது அதுவே முதன்முறை.

பதவியும் விருதும் பெற்றபோதிலும், பாப்புவின் உள்ளம் ஒரே குறிக்கோளை நாடி நின்றது. பெருந்தொலைநோக்கி ஒன்றை இந்தியரே வடிவமைத்து, இந்தியாவிலேயே உருவாக்குதல் வேண்டும் என்பதே அக்குறிக்கோள். 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கிக்குத் திட்டம் வகுத்தார். விலை கொடுத்து வாங்கினால் விரைவிற் கிடைத்திருக்கும். ஆனால் வாங்கியவர் என்றும் வாங்குபவராகவே இருப்பர். செய்தவரே மேலும் செய்ய வல்லவராவர். இதனை உணர்ந்து, காலம் நீண்டாலும் கவலையில்லை என்று அவர் தம் துணைவரை ஊக்கினார். அவ்வாடி பெங்களூரில் நிறுவனத்தின் பட்டறையிலேயே தேய்த்து மெருகிடப்பட்டது. மயிரிழையிற் பன்னூற்றில் ஒரு பங்கு பிழை நேரினும் பயன் கெடும் நுட்பமான பணி அது.

அத்தொலைநோக்கி நிறைவேறுவதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. 1982ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள், ஜெர்மனியின் மியூனிக்கு நகரில் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் உயிர் நீத்தார். அதே நாட்களில், அவர் தலைமை தாங்கவேண்டிய உலக வானியல் ஒன்றியப் பேரவை கிரேக்க நாட்டிற் கூடியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளே அவர் வாழ்ந்தார்.

தலைவரை இழந்தும் துணைவர் தளரவில்லை. அவர் வகுத்த நெறியிலேயே பணியைத் தொடர்ந்தனர். தொலைநோக்கி நிறைவுற்று, 1986ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள் பிரதமர் இராசீவ் காந்தியால் தொடங்கி வைக்கப்பெற்றது. தொலைநோக்கிக்கும் காவலூர் ஆய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. விண்ணில் உலவும் சிறுகோள் ஒன்றும் அவர் பெயரைத் தாங்கிக் கதிரவனைச் சுற்றிவருகின்றது.

வாழ்க்கை உணர்த்தும் உண்மை

ஒளிப்படத் தகட்டிற் கண்ட சிறு தடத்தைப் புறக்கணியாமையால் பாப்பு வால்வெள்ளியைக் கண்டார். நிறமாலையில் ஒரு கோட்டின் அகலத்தைப் பொறுமையோடு அளந்தமையால் விண்மீனின் தொலைவை அறியும் வழியைக் கண்டார். மலையை மூடும் மேகத்தைக் கண்டு சோர்ந்துவிடாமையால் தெளிந்த இரவுகளை உடைய காவலூரைக் கண்டார். சிறியதென்று எதனையும் இகழாமையும், அரியதென்று எதனையும் கைவிடாமையுமே அவர்தம் வெற்றியின் வேர்களாகும்.

பெருமாள்மலை வழியே கொடைக்கானல் செல்வோர், புல்நுனியிற் பனியையும் அதில் ஒட்டிய புழுதியையும் காணும்போது சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் நன்று. அவ்விரண்டுமே வால்வெள்ளியின் உடலாகவும், செவ்வாயின் முனையில் அடுக்கடுக்கான ஏடாகவும் விண்ணில் அமைந்துள்ளன. அவற்றைப் படிக்கும் கண்ணையும் கருவியையும் நம் நாட்டவர் தாமே பெறவேண்டும் என்று உழைத்த வைணு பாப்புவின் புகழ், அவர் தேடிய தெளிந்த வானத்து விண்மீன்போல என்றும் மங்காது ஒளிரும்.